குன்றின்மேல் இட்ட கோபுரம்

நம் நாட்டில் மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தெய்வத்தை நாடியே ஏறுகிறார்கள். பழனியில் முருகன் நிற்கிறான். திருச்சிராப்பள்ளியில் உச்சிப் பிள்ளையார் காத்திருக்கிறார். ஏழு மலையும் கடந்து போனால் வேங்கடவன் தரிசனம் கிடைக்கிறது. ஏறிய சிரமமெல்லாம் அங்கே காட்டும் கற்பூர ஆரத்தியோடு கரைந்துவிடும். ஆனால் உச்சியில் தெய்வமும் இல்லை, பிரசாதமும் இல்லை, தோற்று மாண்ட ஒரு மனிதனுடைய ஞாபகம் மட்டுமே இருக்கிறது என்றால் அங்கே யார் ஏறுவார்கள்? ஸ்காட்லாந்து தேசத்தில் ஏறுகிறார்கள். ஆண்டு முழுதும், மழையிலுங்கூட, குழந்தை குட்டிகளோடு ஏறுகிறார்கள். இந்த வாரம் நேயர்களையும் அந்தக் குன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மூட்டு வலிக்காரர்கள் அஞ்ச வேண்டாம். நம் திருப்பதிப் படிகளை ஏறிப் பழகியவர்களுக்கு இது ஒரு மாலை உலாவல்.

எடின்பரோ நகரத்திலிருந்து ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸ்டர்லிங் என்னும் ஊரை அடையலாம். ஊருக்கு வடகிழக்கே, இரண்டு மைலுக்கு உட்பட்ட தூரத்தில், சமவெளியின் நடுவே திடீரென்று ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 360 அடி உயரம். 'ஆபி கிரெய்க்' என்று அதற்குப் பெயர். மடத்துப் பாறை என்று நாம் தமிழ்ப்படுத்திக் கொள்ளலாம். அருகிலேயே, ஆற்று வளைவில், 12-ம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் ஸ்தாபித்த காம்பஸ்கென்னத் மடம் இருந்தது. அதன் மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அந்த மடத்தின் பெயரே குன்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

குன்றின் அடிவாரத்தில் பிரயாணிகளுக்கென்று ஒரு கட்டடமும் வண்டிகள் நிற்க இடமும் அமைத்திருக்கிறார்கள். நடக்க இயலாதவர்களைக் கோபுர வாசலில் கொண்டுபோய் விடுவதற்குச் சிறு பஸ் ஒன்றும் உண்டு. ஆனால் கால் உள்ளவர்கள் காட்டு வழியாகப் போவதே உசிதம். நிதானமாக நடந்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது. ஓக், ஆஷ் முதலான மரங்கள் இருபுறமும் அடர்ந்து நிற்க, பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. வழியில் மரத்தில் செதுக்கிய உருவங்களை ஆங்காங்கே நிறுத்தியிருப்பதால் குழந்தைகள் "அடுத்தது எங்கே?" என்று தேடிக்கொண்டே களைப்பை மறந்துவிடுவார்கள். ஐப்பசி மாதத்தில் போனால் இலைகளெல்லாம் பொன்னிறமாகி உதிர்ந்து, காலடியில் மெத்தை விரித்தாற்போல் கிடக்கும். மழை பெய்த மறுநாள் வழுக்கும். நல்ல ஜோடு அவசியம்.

இந்தக் குன்றின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பூமிக்குள்ளிருந்து உருகிப் பொங்கி இறுகிய கடும்பாறை இது. பிற்காலத்தில் மேற்கேயிருந்து பனிப்பாளங்கள் நகர்ந்து வந்தபோது சுற்றியிருந்த மென்மையான பாறைகளை அரித்துக்கொண்டு போயின. இது மட்டும் அசையாமல் நின்றது. கிழக்கே இதன் நிழலில் தப்பிய பகுதி சரிவாக மிஞ்சியது. உச்சியில் ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய ஒரு கோட்டையின் அடிச்சுவடு இருக்கிறது. மரமும் கல்லும் கலந்து கட்டிய அதன் மதில்கள், கல்லே உருகும்படியான பெருந்தீயில் வெந்து போயிருக்கின்றன. ஆகவே, நாம் பார்க்கப் போகும் கதாநாயகன் பிறப்பதற்கு முன்பே இந்தக் குன்று யுத்தத்தை அறிந்திருந்தது.

அந்தக் கதாநாயகனுடைய பெயர் வில்லியம் வாலஸ்.

நம்முடைய பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் ராபர்ட் புரூஸ் மன்னனையும், விழுந்து விழுந்து எழுந்த சிலந்தியையும் பற்றிப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். வாலஸ் அந்தப் புரூஸுக்கு முன்னோடி. மன்னனல்லன், பெரும் பிரபுவும் அல்லன். 1296-ல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்து, அதன் அரசனைப் பதவி நீக்கி, முடிசூட்டு விழாவுக்குரிய புனிதக் கல்லையும் தூக்கிக்கொண்டு போனான். பிரபுக்கள் பலர் அவனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வாலஸ் பிரமாணம் செய்யவில்லை. இந்தச் சிறு விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அவன் உயிருக்கே அது முக்கியமாகப் போகிறது.

பாதையில் மரங்கள் விலகும் இடத்தில் நின்று கீழே பாருங்கள். ஃபோர்த் என்னும் ஆறு, அவசரமே இல்லாத பாம்பைப் போல, சமவெளியில் நெளிந்து நெளிந்து போகிறது. அதன் குறுக்கே 1297-ல் ஒரு மரப்பாலம் இருந்தது. இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கமாகப் போகலாம். அதற்கு மேல் இடமில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி பாலத்துக்கு அப்பால் ஆங்கிலேயரின் பெருஞ்சேனை. இப்பால், இந்தக் குன்றின் சரிவில், வாலஸும் அவன் தோழன் ஆண்ட்ரூ மரேயும் ஈட்டிக்காரர்களோடு காத்திருந்தார்கள்.

ஆங்கிலேயச் சேனையின் காரியங்கள் அன்று நடந்த விதம் வேடிக்கையானது. விடியற்காலையில் சிலர் பாலத்தைக் கடந்தார்கள். சேனாதிபதியான சர்ரே பிரபு இன்னும் தூங்கி எழுந்திருக்கவில்லை என்று அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். அனுபவசாலி ஒருவர், "சற்றுத் தூரத்தில் ஆழமில்லாத துறை இருக்கிறது, அறுபது குதிரைகள் வரிசையாக இறங்கலாம், அங்கே போவோம்" என்ற கருத்தில் யோசனை சொன்னார். கிரெஸ்ஸிங்ஹாம் என்னும் பொக்கிஷ அதிகாரி அதற்கு இணங்கவில்லை. காலதாமதம் செய்தால் மன்னருடைய பணம் வீணாகும் என்பது அவர் வாதம். சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் குறுகிய பாலத்தில் சேனையை நடத்தும்போது அது அவ்வளவு சிலாக்கியமில்லை. பாதிச் சேனை பாலத்தைக் கடந்து சதுப்பு நிலத்தில் இறங்கும் வரையில் வாலஸ் பொறுத்திருந்தான். பிறகு குன்றிலிருந்து ஈட்டிக்காரர்கள் பாய்ந்து பாலத்தின் முனையைப் பிடித்துக்கொண்டார்கள். கடந்தவர்கள் திரும்ப முடியவில்லை. கடக்காதவர்கள் உதவ முடியவில்லை. கிரெஸ்ஸிங்ஹாம் அங்கேயே மாண்டார்.

வெற்றி பெற்றதும் வாலஸும் மரேயும் செய்த முதற்காரியங்களில் ஒன்று, ஜெர்மனியிலுள்ள லூபெக் நகரத்து வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதியதாகும். 1297 அக்டோபர் 11-ம் தேதியிட்ட அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்: எங்கள் நாடு ஆங்கிலேயர் ஆதிக்கத்திலிருந்து மீண்டுவிட்டது, உங்கள் கப்பல்கள் எங்கள் துறைமுகங்களுக்கு அச்சமின்றி வரலாம். சுதந்திரம் வந்தது என்பதை வாள் வீச்சால் மட்டும் அறிவித்தால் போதாது, சந்தைக்கும் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கடிதத்தில் உள்ள வாலஸின் முத்திரையில் வில்லும் அம்பும் பொறித்திருக்கிறது.

மரே காயமுற்று இறந்தான். வாலஸ் நாட்டின் பாதுகாவலனாக நியமிக்கப்பட்டான். ஆனால் அடுத்த ஆண்டே, 1298 ஜூலை 22-ம் தேதி, பால்கர்க் போர்க்களத்தில் எட்வர்டு மன்னனே நேரில் வந்து அவனை முறியடித்தான். பிறகு ஏழு ஆண்டுகள் அவன் மறைந்தும் அலைந்தும் வாழ்ந்தான். 1305-ல் சொந்த நாட்டவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டான். ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். எட்வர்டுக்குத் தான் ஒருபோதும் பிரமாணம் செய்யவில்லை, ஆகவே துரோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவனுடைய பதில். அந்தப் பதிலை யார் கேட்கப் போகிறார்கள்? ஆகஸ்டு 23-ம் தேதி ஸ்மித்ஃபீல்டு மைதானத்தில் கொடூரமாகக் கொன்று, தலையை லண்டன் பாலத்தில் நட்டார்கள். உடலை நான்காகப் பிளந்து நான்கு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்த நான்கில் ஒன்று ஸ்டர்லிங்.

ஆகவே வாலஸுக்குச் சமாதி கிடையாது. அவன் முகத்தைப் பார்த்து எழுதிய சித்திரமும் கிடையாது. புதைக்க உடலின்றி, வணங்க உருவமின்றி, ஒரு மனிதனை ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் ஜனங்கள் வாயால் பேசியும் பாட்டால் பாடியும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கோபுரம் வந்தது.

இப்போது நாம் உச்சிக்கே வந்துவிட்டோம். மரங்களுக்கு மேலே கோபுரம் 220 அடி உயரம் எழும்பி நிற்கிறது. தலையில் கல்லாலான ஒரு கிரீடம். பழைய ஸ்காட்டிஷ் தேவாலயங்கள் சிலவற்றில் இத்தகைய கல் கிரீடத்தைக் காணலாம். மூலையில் 1887-ல் டி. டபிள்யூ. ஸ்டீவென்ஸன் என்ற சிற்பி வார்த்த வாலஸின் வெண்கலச் சிலை வாளை உயர்த்தி நிற்கிறது. அதன் முகம் சிற்பியின் கற்பனை.

இந்தக் கோபுரத்தை எந்த அரசாங்கமும் கட்டவில்லை. 1856 ஜூன் 24-ம் தேதி ஸ்டர்லிங்கில் ஒரு பெரிய பொதுக்கூட்டம் கூடி, வாலஸுக்கு ஞாபகச் சின்னம் எழுப்புவதென்று தீர்மானித்தது. 1314-ல் புரூஸ் மன்னன் பானக்பர்னில் ஆங்கிலேயரை வென்ற நாள் அது. ஐந்து ஆண்டு கழித்து, 1861-ல், அதே ஜூன் 24-ம் தேதி பல்லாயிரம் ஜனங்கள் கூடியிருக்க அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். ஜே. டி. ரோச்செட் என்பவர் கட்டடக் கலைஞர். பொதுமக்களின் சந்தாப் பணந்தான் மூலதனம். நிர்வாகக் கமிட்டியில் சண்டை வந்தது, கையில் பணம் தீர்ந்தது, வேலை நின்றது, மறுபடி வசூல் செய்தார்கள். கோயில் திருப்பணிக் கமிட்டிகளில் இருந்து பார்த்த நம்மவர்களுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியம் தோன்றாது. கடைசியில் பாலச் சண்டையின் ஆண்டு நாளான செப்டம்பர் 11-ம் தேதி, 1869-ல், கோபுரம் திறக்கப்பட்டது.

வெளிநாடுகளிலிருந்தும் வாழ்த்து வந்தது. இத்தாலியின் விடுதலைக்கு உழைத்த மாஜினியும் கரிபால்டியும், ஹங்கேரியின் கோஸூத்தும் வாலஸைப் புகழ்ந்து கடிதம் அனுப்பினார்கள். அந்த மாஜினியின் சபதத்தைப் பிற்காலத்தில் பாரதியார் தமிழில் பாடித் தந்தார் என்பது நேயர்களுக்குத் தெரியும். அப்படிப் பார்த்தால் இந்தக் குன்றுக்கும் நமக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. வேறொரு நூலும் ஓடுகிறது. அது மெல்லியதன்று. உச்சிக்குப் போனதும் அதைப் பற்றிச் சொல்வோம்.

கோபுரத்தைச் சுற்றி வருவதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே ஏறத்தான் சீட்டு வாங்க வேண்டும். குறுகிய சுழல் படிக்கட்டு; மொத்தம் 246 படிகள். எதிரே யாராவது இறங்கி வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக நடுநடுவே மூன்று மண்டபங்கள் இருக்கின்றன; மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு சரித்திரத்தில் அக்கறை காட்டுவதுபோல் நின்றுகொள்ளலாம்.

கோபுரத்தின் பொக்கிஷம் ஒரு நீண்ட வாள். ஐந்தடி நான்கு அங்குல நீளம். வாலஸின் வாள் என்று பரம்பரையாகச் சொல்லி வந்தது. 1888-ல் டம்பார்ட்டன் கோட்டையிலிருந்து இங்கே கொண்டு வந்தார்கள். முழுவதும் வாலஸ் காலத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்புவதில்லை. பிற்காலத்துக் கைவேலை அதில் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த வாளுக்கு இந்தக் கோபுரத்தில் நடந்தவை அனைத்தும் உண்மையான சரித்திரம். 1912-ல் ஸ்திரீகளுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எத்தெல் மூர்ஹெட் என்ற பெண்மணி, கல்லால் அதன் கண்ணாடிப் பெட்டியை உடைத்தார். 1936-லும் 1972-லும் ஸ்காட்லாந்து தேசியவாதிகள் வாளையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு தடவையும் அது திரும்பி வந்தது. உரிமை வேண்டும் என்று கேட்ட ஒவ்வொருவரும், "விடுதலை வீரனை இப்படிக் கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடுகிறீர்களே, எங்கள் குரல் மட்டும் ஏன் காதில் விழவில்லை?" என்று கேட்பதற்கு இந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறார்கள்.

எத்தெல் மூர்ஹெட் கேட்ட கேள்விக்கு வீரர் மண்டபத்தில் பதில் தாமதமாகவே வந்தது. அங்கே ஸ்காட்லாந்தின் மகாபுருஷர்கள் பதினாறு பேருடைய சலவைக்கல் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. புரூஸ் மன்னன், கவி ராபர்ட் பர்ன்ஸ், பொருளாதார சாஸ்திரி ஆடம் ஸ்மித், நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட், ஆப்பிரிக்காவில் பிரயாணம் செய்த லிவிங்ஸ்டன் முதலியோர். பதினாறு பேரும் ஆண்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை போலும். 2019-ல்தான் மேரி ஸ்லெஸர், மாகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்னும் இரு பெண்மணிகளின் சிலைகளைச் சேர்த்தார்கள். முந்தியவர் நைஜீரியாவில், இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் கொன்றுவிடும் வழக்கத்தை எதிர்த்து உழைத்தவர். பிந்தியவர் தாம் புற்று நோயால் வருந்தியபோது, அந்நோய் கண்டவர்களுக்கு ஆறுதல் தரும் நிலையங்களுக்கு வித்திட்டவர்.

இனிக் கடைசிப் படிகள். கல் கிரீடத்தின் அடியில் வெளிவரும்போது காற்று முகத்தில் அறைகிறது. தொப்பி அணிந்தவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வடக்கே ஆக்கில் குன்றுத் தொடர். மேற்கே, வானம் தெளிவாக இருந்தால், பென் லோமண்டு சிகரம். தெற்கே பானக்பர்ன் இருக்கும் திசை. காலடியில் ஃபோர்த் ஆறும் மடத்தின் மணிக்கூண்டும். எதிரே, இதைப் போன்றதொரு பாறையின்மேல், ஸ்டர்லிங் கோட்டை.

அந்தக் கோட்டையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். முன்பு சொன்ன மற்றொரு நூல் அங்கேதான் கட்டியிருக்கிறது.

கோட்டைக்குள் ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஆர்கைல்-சதர்லண்டு ஹைலாண்டர் படையின் சரித்திரம் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படையின் முன்னோடிகளில் ஒன்று 93-வது சதர்லண்டு ஹைலாண்டர் படை. 1857 நவம்பர் 16-ம் தேதி லட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், சிக்கந்தர் பாக் என்னும் மதில் சூழ்ந்த தோட்டத்தைத் தாக்கி உட்புகுந்தவர்களில் இவர்கள் முன்னணியில் இருந்தார்கள். உள்ளே இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் அன்று மாண்டார்கள். தப்பியவர்கள் மிகச் சிலர்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஞாபகச் சின்னத்துக்காக ஸ்டர்லிங்கில் கூட்டம் கூடியது 1856-ல். சிக்கந்தர் பாக் 1857-ல். அஸ்திவாரக் கல் 1861-ல். அந்நியனுடைய ஆதிக்கத்தை எதிர்த்து மாண்ட ஒருவனுக்கு இந்த நாட்டில் வீடு வீடாகச் சந்தா வசூல் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தெழுந்தவர்களை இந்த நாட்டின் பிள்ளைகள் அங்கே ஒடுக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தா கொடுத்தவர்கள் இதில் முரண்பாடு எதையும் காணவில்லை. அவர்களுடைய வாதம் இப்படிப் போயிற்று: வாலஸ் பணியாமல் நின்றதால்தான் ஸ்காட்லாந்து அடிமை நாடாக ஆகவில்லை, 1707-ல் இங்கிலாந்தோடு சமமாகக் கைகோத்துச் சேர முடிந்தது, ஆகவே பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெருமையிலும் எங்களுக்குச் சரிபாதி உண்டு. விடுதலை வீரனின் கோபுரம், சாம்ராஜ்யத்தில் பங்கு கேட்பதற்கான பத்திரமாகவும் இருந்தது.

இன்னும் ஒன்று. ஆக்கில் குன்றுகளுக்கு அப்பால், ஸ்டர்லிங்கிலிருந்து சுமார் இருபது மைல் வடக்கே, கிரீஃப் என்னும் ஊருக்கு அருகில் வேறொரு மரம் அடர்ந்த மேடும் அதன் உச்சியில் ஒரு கல் தூணும் இருக்கின்றன. அது ஸர் டேவிட் பேர்டு என்ற தளகர்த்தருக்காக அவருடைய மனைவியார் 1832-ல் எழுப்பியது. தமிழ்நாட்டாருக்கு இவர் அந்நியரல்லர். 1780 செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சீபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் சேனை கம்பெனிப் படையை நொறுக்கியபோது காயமுற்றுச் சிறைப்பட்டவர். மூன்று ஆண்டுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் விலங்கோடு கிடந்தவர். அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டை உடைப்பில், 1799 மே 4-ம் தேதி, தாக்கும் படைக்குத் தலைமை வகித்து ஏறியவரும் இவரே. திப்பு சுல்தான் அன்று கோட்டை வாசலில் போரிட்டு மாண்டான்.

ஒரே வட்டாரத்தில் இரண்டு குன்றுகள். ஒன்றில், அந்நிய அரசனுக்குப் பணிய மறுத்து மாண்டவனுக்குக் கோபுரம். மற்றொன்றில், கடல் கடந்து போய் அப்படி ஒருவனை வீழ்த்தியவருக்குத் தூண். இரண்டுக்கும் காட்டு வழிதான். இரண்டும் ஏறுவதற்கு எளிதானவைதாம்.

இதைச் சொல்லி ஸ்காட்லாந்து மக்களை நிந்திப்பது நம் நோக்கமன்று. 93-வது படையில் சேர்ந்தவர்களின் ஊர்களிலேயே, ஆட்டுப் பண்ணைகளுக்காக ஏழைக் குடியானவர்களை ஜமீன்தார்கள் வீட்டோடு பெயர்த்து விரட்டினார்கள். நிலமிழந்தவனுக்குப் பட்டாளம் ஒரு பிழைப்பு. நம் பக்கத்தையும் பாருங்கள். சிக்கந்தர் பாக் மதிலை ஹைலாண்டர்களோடு சேர்ந்து தாக்கியவர்களில் பஞ்சாபிப் படையினரும் இருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட சேனையில் சென்னைச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வாலஸைப் பிடித்துக் கொடுத்ததும் அவன் நாட்டவர்தானே? தன் விடுதலையைப் போற்றுவது எல்லா ஜாதி மனிதருக்கும் சுலபமாக வருகிறது. பிறனுடைய விடுதலையும் அதே சரக்குத்தான் என்று காண்பது எல்லா ஜாதி மனிதருக்குமே கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கோபுரம் ஒரு பொய்யா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை என்பதே நம் கட்சி. கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினாலும், கட்டி முடிந்த ஞாபகச் சின்னம் அவர்கள் சொற்படி நடந்துகொள்வதில்லை. ஓட்டுரிமை கேட்ட பெண்மணி இங்கே வந்தார், தேசியவாதிகள் வந்தார்கள். 1995-ல் 'பிரேவ்ஹார்ட்' என்னும் சினிமாப்படம் வெளிவந்தது. அதில் ஸ்டர்லிங் பாலச் சண்டையைப் பாலமே இல்லாமல் எடுத்திருந்தார்கள். ஆனாலும் படம் பார்த்த ஜனங்கள் திரள் திரளாகக் குன்றேற வந்தார்கள். 1997-ல் அந்த நடிகரின் முகச்சாயலில் வாலஸுக்கு அடிவாரத்தில் ஒரு சிலை கூட வைத்தார்கள். உள்ளூரார் முகம் சுளித்தார்கள். சில ஆண்டு கழித்து அது அகற்றப்பட்டது. அதே 1997-ல், பாலச் சண்டையின் 700-வது ஆண்டு நாளான செப்டம்பர் 11-ம் தேதியே, ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று ஜனங்களிடம் வாக்கெடுத்தார்கள். வேண்டும் என்றார்கள், 1999-ல் அது கூடியது. 2014-ல் முழுச் சுதந்திரம் வேண்டுமா என்று மறுபடி கேட்டபோது நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றும் 45 பேர் வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். ஈட்டியால் தீர்த்த வழக்கை இப்போது பெட்டியில் சீட்டுப் போட்டுத் தீர்க்கிறார்கள். தோற்றவனை நான்காகப் பிளந்து ஊருக்கு ஊர் அனுப்புவதில்லை. அவன் அடுத்த தேர்தலுக்குத் தயார் செய்கிறான். எழுநூறு ஆண்டில் மனித ஜாதி கற்றுக்கொண்டது சொற்பமானாலும் இது ஒன்று உண்டு.

இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். மரங்களினூடே வரும் வெயில் சரிவில் நீண்டு விழும். வழுக்கும் இடங்களில் பெரியவர்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் குழந்தைகள் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டர்லிங்கில் படிக்கும் பிள்ளையையோ எடின்பரோவில் வாழும் மகளையோ பார்ப்பதற்கு நம் குடும்பங்களிலிருந்து இப்போது பலர் அந்த நாட்டுக்குப் போய் வருகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் ஒரு பிற்பகலை இந்தக் குன்றுக்கு ஒதுக்குவார்களாக. முடிந்தால் மறுநாள் கிரீஃபுக்கும் போய் அந்த மற்றொரு தூணையும் பார்ப்பார்களாக. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிச் சரித்திரந்தான். ஊர் திரும்பிய பிறகு செஞ்சிக்கோ திண்டுக்கல் மலைக்கோட்டைக்கோ குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏறும்போதும் இதையே செய்யலாம். இங்கே யார் நின்றார்கள் என்று வழிகாட்டி சொல்லுவார், அதைக் கேட்டுக்கொள்ளட்டும். இங்கிருந்து பார்த்தபோது யார் கண்ணுக்குப் படாமல் போனார்கள் என்பதைக் குழந்தைகள் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாமும் சற்றுப் படித்துக்கொண்டு போவது நல்லது.